எஞ்சின் தயார், டேங்க்தான் தகராறு

பி.எம்.டபிள்யூ 2006-ல் ஹைட்ரஜன் 7 என்று ஒரு காரைக் காட்டியது. பார்க்க அவர்களுடைய 7 சீரிஸ் காரேதான். உள்ளே 6 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். ஸ்டியரிங்கில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் பெட்ரோலில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், ஓட்டம் நிற்காமலேயே ஹைட்ரஜனுக்கு மாறிக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் பெட்ரோல். மொத்தம் 100 கார்கள்தான் செய்தார்கள். ஷோரூமில் வைத்து விற்கவில்லை. நாலு பேர் கவனிக்கும் ஆட்களாகப் பார்த்து ஓட்டக் கொடுத்தார்கள்.

ஹைட்ரஜன் கார் என்றாலே எனக்கு அந்தக் காரின் டேங்க்தான் ஞாபகம் வரும். 8 கிலோ திரவ ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரியில். டேங்குக்கு இரட்டைச் சுவர். நடுவில் 3 சென்டிமீட்டர் இடைவெளி. அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அலுமினியத் தாளும் கண்ணாடி இழையுமாக 70 அடுக்குகள் போட்டிருந்தார்கள். 17 மீட்டர் தடிமனான தெர்மாகோல் சுவர் செய்யும் வேலையை இது செய்யும் என்று கம்பெனியே பெருமையாகச் சொன்னது. இவ்வளவு செய்தும் வெளிச்சூடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். காரை நிறுத்திவிட்டுப் போனால் சுமார் 17 மணி நேரம் தாங்கும். அப்புறம் உள்ளே ஆவி சேர்ந்து அழுத்தம் ஏறும். அதை வெளியே விட்டே ஆகவேண்டும். டேங்கில் பாதி இருந்தால் ஒன்பது நாளில் ஏறக்குறைய தீர்ந்துவிடும், டப்பாவைத் திறந்து வைத்த கற்பூரம் மாதிரி. மூடிய கராஜில் நிறுத்தக்கூடாது என்று நிபந்தனை வேறு. லீவுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவன் இதை எங்கே விட்டுவிட்டுப் போவது?

எஞ்சின் பக்கம் அவ்வளவு குறை இல்லை. அதே ரகப் பெட்ரோல் கார் 445 குதிரைத்திறன் தந்தது, இது 260 தான். ஹைட்ரஜனில் 200 கிலோமீட்டர் போகும், அதற்கு மேல் பெட்ரோல். ஆனால் ஓடியது. ஒரு சொகுசுக் கார் எப்படி ஓடவேண்டுமோ அப்படியே, பின்னால் நீராவியை விட்டுக்கொண்டு ஓடியது. அதனால்தான் ஹைட்ரஜனை எஞ்சினில் எரிப்பது பெரிய விஞ்ஞானச் சவால் என்று யாராவது எழுதினால் எனக்கு ஒப்பாது. எரிப்பது முடிகிற காரியம். அதைப் பிடித்து வைப்பதும், வண்டி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும்தான் தலைவலி.

எரிப்பது எவ்வளவு பழைய வேலை என்றால், பெட்ரோல் எரிப்பதைவிடப் பழையது. சுவிட்சர்லாந்தில் ஃப்ரான்ஸ்வா ஐசக் டி ரிவாஸ் என்பவர் 1807-ல் ஒரு எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கினார். சிலிண்டருக்குள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட்டு, மின்பொறியால் வெடிக்க வைத்து, அதை ஒரு வண்டியில் மாட்டி நகர்த்தியும் காட்டினார். கார்ல் பென்ஸின் கார் வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பு. ஹைட்ரஜனை அவர் வைத்திருந்தது ஒரு பலூனில். பலூனிலிருந்து சிலிண்டருக்கு ஒரு குழாய், அவ்வளவுதான் ஏற்பாடு. எஞ்சினை யோசித்துச் செய்த மனிதருக்கே எரிபொருளை எங்கே வைப்பது என்பதற்கு வேறு வழி கிடைக்கவில்லை.

இந்த வாயுவுக்கு ஏன் இத்தனை மவுசு என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் (ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான்) ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கூடவே அதில் கார்பன் கிடையாது, எரிந்தால் தண்ணீர். மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த எண்ணையும் சொல்லவேண்டும் இல்லையா? வாகனத்தில் டேங்குக்கு இடம் லிட்டர் கணக்கில்தான் கிடைக்கிறது. சாதாரண அழுத்தத்தில் அந்த ஒரு கிலோ ஹைட்ரஜன் 11,000 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். 700 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் ஒரு லிட்டரில் 40 கிராம் அடைக்கலாம். பி.எம்.டபிள்யூ மாதிரி திரவமாக்கினால் 71 கிராம். பெட்ரோல், வெறும் பிளாஸ்டிக் டேங்கில், எந்த அழுத்தமும் இல்லாமல், ஒரு லிட்டர் 740 கிராம். ஆற்றலாகக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலில் 9 யூனிட், திரவ ஹைட்ரஜனில் 2.4, 700 பாரில் 1.3.

எஞ்சினுக்குள் இது எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் படிக்கும்போது பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்த யாருக்கும் அந்தக் காட்சி பழக்கமாகத்தான் இருக்கும்: ஐ.சி. எஞ்சின் லேபின் மூலையில் கிர்லோஸ்கர் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், அதோடு இணைத்த, சக்தியை அளக்கும் டைனமோமீட்டர், சுவரில் எண்ணெய்க் கறை. எங்கள் ப்ராஜெக்ட், டீசலோடு ஹைட்ரஜனையும் சேர்த்து எரிப்பது. ஹைட்ரஜனை மட்டும் விட்டால் டீசல் எஞ்சினில் பற்றாது. தானாகப் பற்றிக்கொள்ள 585 டிகிரி வேண்டும். அதனால் காற்று போகும் வழியில் ஹைட்ரஜனைக் கலந்து விட்டு, கொஞ்சம் டீசலைத் தெளித்துப் பற்றவைப்போம். சிவப்பு சிலிண்டர் வெளியே வராந்தாவில் சங்கிலி போட்டு நிற்கும். அதிலிருந்து ரெகுலேட்டர், ஃப்ளோ மீட்டர், அப்புறம் பாதி தண்ணீர் நிரப்பிய ஒரு டப்பா. ஹைட்ரஜன் அந்தத் தண்ணீருக்குள் குமிழியிட்டுத்தான் எஞ்சினுக்குப் போகும். எஞ்சினிலிருந்து தீ திரும்பி வந்தால் அந்தத் தண்ணீரோடு நின்றுவிடவேண்டும் என்பதற்காக.

தீ திரும்பி வந்தது. லோடு ஏற்றி, ஹைட்ரஜனையும் கூட்டிக்கொண்டே போனபோது காற்று நுழையும் இன்டேக் பக்கம் 'டப் டப்' என்று ஒரு சத்தம், உடனே டப்பாவிலிருந்து தண்ணீர் மேலே சிதறியது. நாங்கள் ரீடிங் எடுப்பதா ஓடுவதா என்று நின்றோம். லேப் அட்டெண்டர் அண்ணன் பதறாமல் வராந்தாவுக்குப் போய் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு வந்து, "தம்பி, சத்தம் கேட்டா மீட்டரைப் பார்க்காதீங்க, வால்வைப் பாருங்க" என்றார். புத்தகத்தில் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்த பாதுகாப்பு விதிகளின் சாரம் அதுதான்.

அந்த 'டப்' எங்கிருந்து வருகிறது என்பது சுவாரசியமான விஷயம். பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையைப் பற்றவைக்கத் தேவைப்படும் பொறியில் பத்தில் ஒரு பங்குகூட ஹைட்ரஜனுக்கு வேண்டாம். காற்றில் 4 சதவீதம் இருந்தாலும் பற்றும், 75 சதவீதம் இருந்தாலும் பற்றும். ஆக, ஸ்பார்க் பிளக் தன் வேலையைச் செய்வதற்கு முன்பே, புகையை வெளியே விடும், சூடேறிய எக்ஸாஸ்ட் வால்வோ, ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய்க் கரியோ அதைப் பற்றவைத்துவிடும். இன்டேக் வால்வு அப்போது திறந்திருந்தால் தீ வந்த வழியே போகும். இன்னொரு தொல்லை, வாயுவாகவே உள்ளே போவதால் சிலிண்டரில் கிட்டத்தட்ட 30 சதவீத இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்குக் காற்று குறையும், காற்று குறைந்தால் சக்தி குறையும். ஹைட்ரஜன் 7-ல் குதிரைத்திறன் போன இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டுக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். வால்வுகள் மூடிய பிறகு சிலிண்டருக்குள் நேரடியாக ஹைட்ரஜனைப் பீய்ச்சினால் தீ திரும்ப வழியில்லை, காற்றின் இடமும் பறிபோகாது. மஸ்தா வேறு வழியில் போனது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுற்றும் அதன் ரோட்டரி எஞ்சினில் காற்று இழுக்கும் அறையும் எரியும் அறையும் தனித்தனி, இழுக்கும் அறை சூடாவதே இல்லை. ஆர்.எக்ஸ்-8 காரில் அதைப் போட்டு 2006-ல் ஜப்பானில் குத்தகைக்கு விட்டார்கள். எனக்குப் பிடித்த தீர்வு அது, ஆனால் ரோட்டரி எஞ்சினுக்கே உரிய எண்ணெய் குடிக்கும் பழக்கத்தை ஹைட்ரஜன் மாற்றிவிடாதே.

புகைக்குழாயிலிருந்து தண்ணீர் மட்டும்தான் வரும் என்கிற பேச்சு, ஹைட்ரஜனை எரிக்காமல் மின்சாரமாக மாற்றி ஓடும் ஃப்யூயல் செல் காருக்குப் பொருந்தும். எஞ்சினுக்கு முழுதாகப் பொருந்தாது. எரியும் சூட்டில் காற்றில் இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். எங்கள் லேபிலும் ஹைட்ரஜனைக் கூட்டக் கூட்டப் புகை குறைந்தது, நைட்ரஜன் ஆக்சைடு ஏறியது. காற்றை இரண்டு மடங்குக்கு மேல் விட்டு மெல்லிய கலவையாக எரித்தால் சூடு தணிந்து அது கிட்டத்தட்ட இல்லாமல் போகும். ஹைட்ரஜன் அப்படி எரியவும் எரியும், பெட்ரோல் எரியாது. ஆனால் மெல்லிய கலவை என்றால் சக்தி குறைவு. அதை ஈடுகட்ட, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பெரிய டர்போ வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று எழும், எஞ்சின் வேலையே அப்படித்தான்.

இப்போது நான் பிழைப்பது எஞ்சின் உதிரி பாகங்களில், கோயம்புத்தூர்ப் பக்கம். வால்வும், வால்வு வந்து அமரும் சீட் வளையமும். வெளியில் யாரும் பேசாத ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் எரியும்போது சீட்டின் மேல் மெல்லிய கரிப்படலம் ஒன்று படியும். வால்வு ஒவ்வொரு முறை வந்து மோதும்போதும் அது உலோகத்துக்கு உலோகம் உரசாமல் காப்பாற்றும். சி.என்.ஜி. வந்தபோதே அந்தப் படலம் போயிற்று, சீட் தேய ஆரம்பித்தது. சீட் தேய்ந்தால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், வால்வு முழுதாக மூடுவதற்காக விட்டிருக்கும் டாப்பெட் இடைவெளி காணாமல் போகும், ஒரு நாள் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். ஹைட்ரஜனில் கார்பனே இல்லை என்பதால் படலத்துக்கு வாய்ப்பே கிடையாது. இன்ஜெக்டருக்கும் அதே கதை. எண்ணெய்ப்பசை இல்லாத வறண்ட வாயு ஊசியைத் தேய்க்கும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி நீராவி கீழே இறங்கி எண்ணெயில் கலக்கும். சில வகை எஃகுக்குள் ஹைட்ரஜன் அணு புகுந்து அதை நொறுங்க வைத்துவிடும். எல்லாவற்றுக்கும் உலோகம் இருக்கிறது, பூச்சு இருக்கிறது, விலைதான் கூடும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டு மிரள மாட்டார்கள், ஆர்டர் எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

எஞ்சினை விடாமல் டொயோட்டா பிடிவாதமாக இருப்பதன் காரணமும் இதே இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2021 மே மாதம் ஜப்பானின் ஃபுஜி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் 24 மணி நேரப் போட்டியில் ஹைட்ரஜனை எரிக்கும் கொரோல்லா ஒன்றை இறக்கினார்கள். ஜி.ஆர். யாரிஸ் காரின் 1.6 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். பின்சீட் இருந்த இடத்தில் நான்கு ஹைட்ரஜன் டேங்குகள். ஓட்டியவர்களில் ஒருவர் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா. தன் கம்பெனியின் டேங்குகளைத் தன் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு ஓட்டிய முதலாளி என்பதால் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை. கார் 358 சுற்று, 1,634 கிலோமீட்டர் ஓடியது. 24 மணி நேரத்தில் பாதிதான் தடத்தில் ஓட்டம். 35 முறை ஹைட்ரஜன் நிரப்பவே நாலு மணி நேரம் போனது. மற்ற கார்கள் நிரப்பும் பிட் லேனில் அனுமதி இல்லை. தள்ளி ஒரு இடத்தில் லாரிகளில் கொண்டுவந்த நிலையத்தில்தான் நிரப்பவேண்டும்.

அடுத்த கட்டமாகத் திரவ ஹைட்ரஜனுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பரிசோதனை ஓட்டத்தின்போது குழாய் இணைப்பு ஒன்று தளர்ந்து, கசிந்த ஹைட்ரஜன் பற்றிக்கொண்டது. முதல் போட்டிக்கே போக முடியவில்லை. மே மாதம் ஃபுஜிக்கு வந்துவிட்டார்கள். இந்த முறை பிட் லேனிலேயே நிரப்பினார்கள். ஆனால் டேங்குக்குள் மைனஸ் 253 டிகிரியில் வேலை செய்யும் பம்ப் 24 மணி நேரம் தாங்காது என்று முன்பே தெரியும். போட்டி நடுவில் அதைக் கழற்றி மாற்றுவது திட்டத்திலேயே இருந்தது. அந்தக் குளிரில் எந்த உயவு எண்ணெயும் உதவாது, உலோகம் உலோகத்தோடு உரசியே ஓடவேண்டும். சாதாரணக் காரில் பெட்ரோல் பம்ப் ஒன்று இருக்கிறது என்றே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. இங்கே எஞ்சின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, பம்ப் நடுவில் கைவிடுகிறது.

அகியோ டொயோடா அந்த நாட்களில் திரும்பத் திரும்பச் சொன்ன எண் 55 லட்சம். ஜப்பானில் வாகனத் தொழிலை நம்பி இருப்பவர்கள் அத்தனை பேர். பேட்டரிக்கு முழுதாகப் போய்விட்டால் எஞ்சினைச் சுற்றிப் பிழைக்கும் சிறு தொழிற்சாலைகள் என்ன ஆகும் என்பது அவருடைய கவலை. அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறவர்களுக்கும் அதே கவலை உண்டு, எனக்கும் உண்டு. எஞ்சின் பிழைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிற கட்சி நான். அதனால்தான் ஹைட்ரஜன் எஞ்சினைப் பற்றி நல்ல செய்தி வரும்போதெல்லாம் கணக்கை ஒரு முறைக்கு இரண்டு முறை போட்டுப் பார்க்கிறேன்.

2022 மார்ச் 30-ம் தேதி மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். அந்த வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "தண்ணீரில் ஓடும் கார் வந்துவிட்டது" என்று ஒரு பார்வர்டு. மூலிகைப் பெட்ரோலைக் கொண்டாடிய ஊர் நம்முடையது, இதையா விடுவோம்? தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதைத் திரும்பப் பிரிக்க நாம்தான் மின்சாரம் கொடுக்கவேண்டும், கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும்.

எவ்வளவு குறைவு என்பதை ஈ.பி. பில் கணக்கில் பார்க்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். 700 பாருக்கு அழுத்தவும் குளிர்விக்கவும் இன்னும் சில யூனிட். 58 என்று வைத்துக்கொள்வோம். மிராய் அந்த ஒரு கிலோவில் சுமார் 120 கிலோமீட்டர் போகும். அது எரிக்கிற கார் அல்ல, ஃப்யூயல் செல்லில் மின்சாரமாக மாற்றி மோட்டாரில் ஓடுகிற கார், அதனால் இந்த அளவாவது. எஞ்சினில் எரித்தால் ஏறக்குறைய அதில் பாதிதான் என்பது என் கணக்கு. அதே 58 யூனிட்டை ஒரு பேட்டரி காரில் நேராக ஏற்றினால் 350 கிலோமீட்டர் போகலாம். இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு, ஊருக்குள் ஓடும் காருக்கு ஹைட்ரஜனைப் பரிந்துரைக்க எனக்கு வாய் வரவில்லை.

இதிலும் அந்த மின்சாரம் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தால்தான் பேச்சே. உலகம் 2023-ல் தயாரித்த சுமார் 9.7 கோடி டன் ஹைட்ரஜனில் மாசு குறைந்த வழியில் வந்தது ஒரு சதவீதம்கூட இல்லை. பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் சுமார் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு தொழிற்சாலையிலேயே வெளியேறிவிடும். ஹைட்ரஜன் 7 நூறு கிலோமீட்டருக்கு 50 லிட்டர் திரவ ஹைட்ரஜன் குடித்தது. ஏறக்குறைய மூன்றரை கிலோ. அதாவது 35 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே கார் பெட்ரோலில் ஓடினால் 13.9 லிட்டர், சுமார் 32 கிலோ. திரவமாக்கச் செலவான மின்சாரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. சுத்தமான பட்டனை அழுத்தினால் அழுக்கு கூடுகிற கார் அது. பி.எம்.டபிள்யூ பின்னாளில் எரிப்பதை விட்டுவிட்டு ஃப்யூயல் செல் பக்கம் போனது. டொயோட்டாவோடு சேர்ந்து 2028-ல் ஒரு கார் கொண்டுவரப்போவதாக 2024-ல் அறிவித்திருக்கிறது.

சரி, காரையும் விட்டுவிடுவோம், ஹைட்ரஜன் நிரப்பும் பங்குக்கு வருவோம். ஹைட்ரஜன் காரை நிஜமாகவே சாதாரண மக்கள் வாங்கி ஓட்டிப் பார்த்த இடம் கலிஃபோர்னியா. வாங்கும்போது 15,000 டாலர் மதிப்புள்ள ஹைட்ரஜன் இலவசம் என்று டொயோட்டா கார்டு கொடுத்தது. காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். நடைமுறை வேறு. வேகமாக நிரப்பினால் காரின் டேங்க் சூடாகும் என்பதால் பங்கிலேயே ஹைட்ரஜனை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்துத்தான் விடுவார்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று கார் நிரப்பினால் காற்றிலிருக்கும் ஈரம் உறைந்து, நாசில் காரின் வாயோடு ஒட்டிக்கொள்ளும். நிரப்பி முடிந்தது, பணமும் கட்டியாயிற்று, நாசிலைக் கழற்ற முடியாது. பனி இளகும்வரை நிற்கவேண்டும். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்தும் பிரயோஜனமில்லை. கம்ப்ரசர் மறுபடி அழுத்தம் ஏற்றிக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம்.

2019 ஜூனில் சான்டா கிளாராவில் ஹைட்ரஜன் நிரப்பும் இடத்தில் வெடித்துத் தீப்பிடித்தது. வட கலிஃபோர்னியா பங்குகள் பலவற்றில் மாதக்கணக்கில் தட்டுப்பாடு. அதே மாதம் 10-ம் தேதி நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு பங்கே வெடித்தது. விசாரித்தால், உயர் அழுத்தத் தொட்டியின் அடைப்பு ஒன்றில் உள்பக்க போல்ட்டுகளைச் சரியான இறுக்கத்தில் முறுக்கவில்லை. போல்ட் முறுக்கிய பிசகு, அவ்வளவுதான். பக்கத்துச் சாலையில் போன காரின் ஏர்பேக் அந்த அதிர்ச்சியில் விரிந்து, உள்ளே இருந்தவர்களுக்குக் காயம். இந்த வாயுவின் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. சமையல் கேஸில் போடுகிற மாதிரி கந்தக வாசனை சேர்த்தால் ஃப்யூயல் செல் கெட்டுவிடும். அமெரிக்க ராக்கெட் தளங்களில் ஒரு காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். துடைப்பம் பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். இன்று சென்சார்கள் இருக்கின்றன. அதற்காக, ஆபத்து என்று ஹைட்ரஜனை ஒதுக்குபவர்களோடும் நான் சேரமாட்டேன். லேசான வாயு, கசிந்தால் மேலே போய்விடும், பெட்ரோல் மாதிரி தரையில் தேங்காது. ஒழுங்காகக் கையாளத் தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு பங்கிலும் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், அதுதான் விஷயம்.

2023 கடைசியில் கலிஃபோர்னியாவில் கிலோ 36 டாலரைத் தொட்டது. மிராயின் 5.6 கிலோ டேங்கை நிரப்ப 200 டாலர். 2024 பிப்ரவரியில் ஷெல் அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை மொத்தமாக மூடிவிட்டது. இலவச கார்டு தீர்ந்தவர்கள் காரை விற்கப் பார்த்தால் வாங்க ஆள் இல்லை, வழக்குக்கும் போனார்கள். கார் மேல் யாருக்கும் பெரிய புகார் இல்லை. இதே மிராய் 2021-ல் ஒரே டேங்கில் 1,359 கிலோமீட்டர் ஓடிக் கின்னஸில் பதிவான வண்டி.

காரை மறந்துவிட்டு லாரியைப் பார்த்தால் என் சுருதி கொஞ்சம் மாறும். தினமும் ஒரே டிப்போவுக்குத் திரும்புகிற வண்டிக்கு ஊரெல்லாம் பங்கு வேண்டாம், ஒரு பங்கு போதும். எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால் ஆவியாகிப் போகிற கவலையும் குறைவு. முழு லோடில் ஓடும்போது எஞ்சினின் திறன் ஃப்யூயல் செல்லுக்கு அருகில் வந்துவிடும். ஃப்யூயல் செல்லுக்கு 99.97 சதவீதம் சுத்தமான ஹைட்ரஜன் வேண்டும், எஞ்சின் அவ்வளவு நாசூக்குப் பார்க்காது. தூசு, வெயில், குலுக்கல் எல்லாம் அதற்குப் பழகியவை. பிரிட்டனின் ஜே.சி.பி. தன் மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஹைட்ரஜன் எஞ்சின் செய்து, 2025-ல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் விற்பனைக்கு அனுமதியும் வாங்கிவிட்டது. மண் அள்ளும் இடத்தில் சார்ஜிங் பாயின்ட் எங்கே போட?

நம் பக்கம் ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் சேர்ந்து செய்த ஹைட்ரஜன் எஞ்சின் லாரியை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. அந்தத் திட்டத்தின் கீழ் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டத்துக்கு 37 பஸ், லாரிகளை அறிவித்தார்கள். 15 ஃப்யூயல் செல் வண்டி, 22 எஞ்சின் வண்டி. ஒன்பது நிரப்பு நிலையங்கள், சுமார் 208 கோடி ரூபாய் உதவி. உலகமே ஃப்யூயல் செல் பக்கம் சாய்ந்திருக்கும்போது நம் பட்டியலில் எஞ்சின் பெரும்பான்மை என்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு சின்ன குஷி. வழித்தடங்களில் புனே–மும்பை இருக்கிறது, திருவனந்தபுரம்–கொச்சி இருக்கிறது, தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை. எண்ணூரில் லாரி செய்கிற மாநிலத்துக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான்.

நிலையங்களையும் வண்டிகளையும் ஓடவைக்க 18 முதல் 24 மாதம் ஆகும் என்றார்கள். முடிவுகள் வெளியானால் குதிரைத்திறன், உச்ச வேகம் பகுதியை நான் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டேன். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை கிலோ, அந்தக் கிலோ டிப்போ வாசலில் என்ன விலைக்கு வந்தது, எந்த மின்சாரத்தில் வந்தது, கம்ப்ரசர் எத்தனை நாள் படுத்தது, இவ்வளவுதான் வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு எக்ஸாஸ்ட் வால்வு சீட் எத்தனை மைக்ரான் தேய்ந்தது என்பதையும் ஒரு ஓரத்தில் போட்டால் எங்கள் கடைக்குப் புண்ணியம். போடமாட்டார்கள், கேட்டு வாங்கவேண்டியதுதான்.